கீழ்க்கட்டில், யன்னல் பக்கம்

ஹம், ஜெர்மனி
19.01.2025

அன்புத் தம்பி சிவராமனுக்கு உன் அக்கா நேசமலர் எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். முழங்காலும் படிக்கட்டைக் கண்டால் மட்டும்தான் குழப்படி செய்கிறது. அங்கே நீ, பிரபாலினி, மகன் வினோஜன் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை நீ அனுப்பிய குறுஞ்செய்தியை மகள் தேனுஜா வாசித்துக் காட்டினாள். கைபேசியில் கமரா பழுது, கதைத்தாலும் இரைகிறது, இனிமேல் கடிதம் எழுதுங்கோ அக்கா என்று சொல்லி, வேலையிடத்து விலாசமும் போட்டிருந்தாய். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவளிடம் கடிதம் கேட்கிறாயே, ஒஸ்லோவில் வாசிக்க வேறொன்றும் கிடைக்கவில்லையா? சரி, எழுதுகிறேன். பிழை இருந்தால் படித்தவன் நீ, திருத்தி வாசி. கடிதத்தை விட விலாசத்துக்குத்தான் கனக்க நேரம் போனது. வட்டம் போட்டுவிட்டு அதைக் குறுக்கே வெட்டுகிற எழுத்து ஒன்று உங்கள் நாட்டில் இருக்கிறதே, உன் விலாசத்தில் அது இரண்டு இடத்தில் வருகிறது. நான் அதை எழுதவில்லை. படம் பார்த்துக் கீறுகிற மாதிரிக் கீறியிருக்கிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். தேனுஜாவின் தாதி ஔஸ்பில்டுங் பயிற்சி இந்தக் கோடையோடு முடிகிறது. வேலை தொடங்க முதல், ருக்சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு ஒரு கிழமை வடக்குப் பக்கம் சுற்றப் போகிறாளாம். தனியாக. நானும் வாறன் என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டவுடன் நிறுத்தினாள். உன் அத்தான் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு, "ருக்சாக்குக்குள்ள என்ன கொண்டு போவாய், தைலப் போத்திலோ?" என்று கேட்டார். ஓம், அதுவும்தான் என்றேன். இருபது வருசமாக முதியோர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு உரிக்கிறவள் ஒரு கிழமை பை தூக்கி நடந்தால் என்ன குறைந்துவிடும்?

எங்களிடம் இருக்கிற காசு ஒரு ஊருக்குத்தான் காணும். பிள்ளை இரண்டு ஊர் சொல்கிறாள். கொப்பன்ஹேகன், இல்லாவிட்டால் ஒஸ்லோ. இரண்டும் தலைநகரமாம், இரண்டிலும் கடலாம், இரண்டிலும் மூச்சு விடுவது மட்டும்தான் மலிவாம். இருபத்துமூன்று வருசம் அங்கே இருக்கிறவன் நீ சொல், எது கையைக் கடிக்காது? ஒஸ்லோ என்றால் எங்களுக்குக் கட்டில் செலவு இல்லைத்தானே, அதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்.

காதை மூடிக்கொண்டு திரி. குளிர் காதுக்குள்ளால்தான் போகும்.

உன் முகம் பார்த்து எட்டு மாதமான
அக்கா


ஒஸ்லோ
16.02.2025

அன்பின் அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். பிரபாலினியும் வினோஜனும் நல்ல சுகம். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். தேனுஜாவுக்கு என் வாழ்த்து.

நீங்கள் கேட்ட விபரம் இது. ருக்சாக்கோடு வருகிற ஆட்கள் தங்குவது பயணிகள் விடுதியில். ஒரு அறையில் எட்டுக் கட்டில், மேலும் கீழுமாக. ஒஸ்லோவில் ஒரு கட்டில் ஒரு இரவுக்கு 450 குரோனர். விரிப்பு, தலையணை உறை, துவாய் மூன்றுக்கும் வாடகை 60. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு 40. பஸ், ட்ராம் ரிக்கற் ஒரு நாளைக்கு 130க்கு மேல். கடையில் ஒரு கோப்பி 50.

கொப்பன்ஹேகனில் அதே மாதிரிக் கட்டில் 290 குரோனர். கோப்பி 40. ரிக்கற்றும் குறைவு. துறைமுகத்தில் கடலுக்குள் இறங்கிக் குளிக்க இடம் கட்டி வைத்திருக்கிறார்கள், அதற்குக் காசில்லை.

ஆகவே கொப்பன்ஹேகன்தான் மலிவு. உங்களுக்குக் கிட்டவும். ஹம்பேர்க்கிலிருந்து பஸ் நேரே போகிறது. ஒஸ்லோவுக்கு வருவது வீண் செலவு, வீண் அலைச்சல்.

முழங்காலுக்குச் சூடு பிடியுங்கள்.

அன்புத் தம்பி
சிவராமன்


ஹம்
02.03.2025

எனக்கு மிச்சமிருக்கிற ஒரே தம்பிக்கு,

நான் சுகம். வீடும் சுகம். உன் கடிதத்தை இரண்டு தரம் மனதுக்குள் வாசித்தேன். மூன்றாம் தரம் உன் அத்தானுக்குச் சத்தமாக வாசித்தேன். அவர் பேப்பரைக் கீழே வைத்தார். அது எவ்வளவு பெரிய விசயம் என்று உனக்குத் தெரியும்.

முதலில் கணக்கு. டென்மார்க் குரோனரும் நோர்வே குரோனரும் பெயரில் மட்டும்தான் ஒன்று என்று தேனுஜா சொன்னாள். உன் 450ஐ யூரோவாக்கினால் முப்பத்தெட்டரை. கொப்பன்ஹேகன் 290ஐ யூரோவாக்கினால் முப்பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. உன் மலிவான ஊரில் கட்டில் விலை கூட, தம்பி. கோப்பியும் அப்படித்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்குப் பரிசு வாங்கின நீ இதை மறந்துபோனாய் என்று நான் நம்ப வேண்டும். நம்பிவிட்டேன். அடுத்ததுக்குப் போவோம்.

அடுத்தது என்னவென்றால், நீ எனக்குக் கட்டில் விலை எழுதியிருக்கிறாய். கூடப்பிறந்தவளுக்கு. நீ இருக்கிற ஊரில்.

பதினான்கு வருசத்துக்கு முதல் அம்மன் கோவில் தேருக்கு எங்கள் இரண்டு அறை வீட்டில் பதினொரு பேர் படுத்தார்கள். அவர்களில் மூன்று பேரை எனக்கு இன்றைக்கும் யாரென்று தெரியாது. சோற்றுப் பானையைத் தூக்க வழியில்லாமல் நான் ஆட்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒருவன் குளியல் தொட்டிக்குள் மெத்தையை மடித்துப் போட்டுப் படுத்தான். விடிய எழும்பி வந்து, "அக்கா, இப்பிடியொரு நித்திரை என்ரை சீவியத்தில கொண்டதில்லை" என்றான். அந்த ஆளை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவனிடம் நான் விரிப்புக்கு அறுபது குரோனர் வாங்கவில்லை.

உங்கள் வீட்டில் நெருக்கடி என்றால் ஒளிக்காமல் சொல். குளியல் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் எழுது. நான் கட்டை, அளவாக இருக்கும். தேனுஜாவைப் பிரபாலினியோடு படுக்கவிடலாம்.

கோவிக்காதே. பகிடிக்குத்தான். பாதிதான் பகிடி.

உன் பதிலைப் பார்த்திருக்கிற
அக்கா


ஒஸ்லோ
06.04.2025

அன்பின் அக்காவுக்கு,

சுகம். பிரபாலினியும் வினோஜனும் நல்ல சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். வேலை கூட.

வீட்டில் நிலம் மாற்றுகிறார்கள். பழைய பலகையைக் கழற்றிப் புதிது போடுகிறார்கள். எப்போது முடியும் என்று சொல்ல ஏலாது. இல்லாவிட்டால் உங்களுக்கு நான் கட்டில் விலை எழுதுவேனா?

கணக்கை நான் சரியாகப் பார்க்கவில்லை, உண்மைதான். ஆனாலும் கொப்பன்ஹேகன் நல்லது. நேற்றும் அங்கேயிருந்து வந்த ஒரு பிள்ளை மேல்கட்டிலில் கால் தொங்கப்போட்டு இருந்துகொண்டு சொன்னாள், அங்கே சைக்கிள் எடுத்தால் பஸ் காசே தேவையில்லையாம், ஊர் முழுக்கச் சமதரையாம். உங்கள் முழங்காலுக்கு அதுதான் சரி. ஒஸ்லோ முழுக்க ஏற்றம்.

எந்த ஊருக்குப் போனாலும் சில விசயம் கவனியுங்கள். கட்டில் எடுக்கும்போது கீழ்க்கட்டில், யன்னல் பக்கம் என்று கேளுங்கள். சூடாக்கிப் பக்கம் படுத்தால் விடியத் தொண்டை காய்ந்துபோகும். அலுமாரிக்குப் பூட்டு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், அங்கே வாங்கினால் கொள்ளை விலை. குசினியில், போகிற ஆட்கள் மிச்சச் சாமானை விட்டுவிட்டுப் போகிற தட்டு ஒன்று இருக்கும். யாரும் எடுக்கலாம். ஞாயிறு காலையில்தான் அது நிறையும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வரும். மூன்று ஞாயிறு பார்த்து எடுத்தால் உப்புக்கூட வாங்கத் தேவையில்லை.

உடம்பைக் கவனியுங்கள்.

தம்பி
சிவராமன்


ஹம்
20.04.2025

தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதங்கள் இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "பிரபாலினியும் வினோஜனும் நல்ல சுகம்." இரண்டிலும் ஒரே வசனம். வினோஜன் பரீட்சை எழுதினானா, பிரபாலினியின் பல்லுவலி மாறினதா, ஒன்றும் இல்லை. கல்லில் வெட்டின மாதிரி நல்ல சுகம்.

நிலம் மாற்றட்டும். மேல்கட்டிலில் கால் தொங்கப்போட்டு இருந்த பிள்ளை யார்? அவள் மேலே இருந்தாள் என்றால் நீ எங்கே இருந்தாய்? ஒரு கிழமை சுற்ற வருகிற ஆள் எப்படி மூன்று ஞாயிறு பார்ப்பார்? சூடாக்கிப் பக்கம் படுத்தால் தொண்டை காயும் என்று இருபத்துமூன்று வருசம் சொந்த வீட்டில் படுக்கிறவனுக்கு யார் சொன்னது?

பகிடியை இதோடு நிறுத்துகிறேன். எங்கள் மூத்தவர் தபோதரன் அண்ணை பாரிஸில் இருந்து கடைசியாக அனுப்பிய குறுஞ்செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. கமரா பழுது தங்கச்சி, பேந்து எடுக்கிறன் என்றுதான் அதில் இருக்கிறது. ஆறு மாதம் கமரா பழுதாகவே இருந்தது. பிறகு வேறு யாரோ எடுத்துச் சொன்னார்கள். இரண்டு சிறுநீரகமும் போய் ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை எங்களுக்குச் சொன்னால் நாங்கள் கவலைப்படுவோமாம். செத்தவீட்டுக்குப் போய்த்தான் நான் அவருடைய வீட்டை முதல் முதல் பார்த்தேன்.

உனக்கு உடம்பில் வருத்தம் ஏதும் இருக்கிறதா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும். வேறு எதையும் நான் கேட்கவில்லை. முத்திரை ஒட்டின உறை உள்ளே வைத்திருக்கிறேன். ஜெர்மன் முத்திரை அங்கே செல்லாதாம், ஒட்டின பிறகுதான் தேனுஜா சொன்னாள். வடிவுக்கு வைத்திரு.

அக்கா


ஒஸ்லோ
27.04.2025

அக்கா,

இல்லை. வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மாவின் மேல் சத்தியம்.

கொப்பன்ஹேகனுக்குப் போங்கோ.

சிவராமன்


ஹம்
25.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஒற்றைச் சொல் வந்தது. இந்தமுறை சுணங்காமல் வந்தது. வாசித்துவிட்டு அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். முழங்கால்கூட அன்று பேசாமல் இருந்தது. நம்புகிறேன் என்று முழுக்கச் சொல்லமாட்டேன். பாதி நம்பினேன், மற்றப் பாதியைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

இனி நடந்ததைக் கேள். போன சனிக்கிழமை தேனுஜா கதிரையில் இருந்து கைபேசியில் கட்டில் தேடினாள். ஒஸ்லோவில் எது மலிவு என்று பார்த்துப் பார்த்து ஒன்றைப் பிடித்தாள். "அம்மா, இதுதான் ஆகக் குறைவு, 450, விரிப்புக்கு 60 வேற" என்று என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். எனக்கு அந்தப் பாசை வாசிக்கத் தெரியாது. ஆனால் வெட்டின வட்டம் இரண்டு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் உள்ள நீட்டுக்கோடு, வளைவு, இலக்கம் 14. இந்த நாலு மாதத்தில் மூன்று உறையில் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கீறின அதே படம். தேனுஜாவைக் கொண்டு உன் விலாசத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிள்ளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, ஒரே விலாசம் என்றாள். பேந்து, "மாமாவுக்கு அங்கே வேலையா அம்மா, வீடா?" என்று கேட்டாள். தெரியாது பிள்ளை என்றேன்.

ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் எழுத வேண்டாம். எழுதினால் நீ வடிவான வசனமாக எழுதுவாய், நான் ஒன்றும் விளங்காமல் இருப்பேன்.

ஆனால் ஒரு விசயம் யோசித்தேன். நான் உன் வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. விருந்தாளிக்குக் கட்டில், பாய், இடியப்பம், சொதி எல்லாம் நீ தரவேண்டும், தராவிட்டால் உனக்குக் குறை, எனக்கு மனவருத்தம், ஹம்மிலே எல்லாருக்கும் ஒரு மாதத்துக்குக் கதை. ருக்சாக் போட்டு வருகிறவளுக்கு அதெல்லாம் கிடையாது. அவள் காசைக் கட்டுவாள், படுப்பாள், எழும்பிப் போவாள். அவளுக்கு யாரும் ஒன்றும் தரத் தேவையில்லை. அவளுக்கு அந்த ஊரில் தம்பியே இல்லாமல் இருக்கலாம். இருந்தால் அது அவளுடைய அதிர்ஷ்டம்.

ஆகவே நாங்கள் ஒஸ்லோவுக்குக் கட்டில் எடுத்துவிட்டோம். அந்த விடுதியில்தான். கீல் துறைமுகத்தில் இருந்து கப்பல். ஜூலை 14 காலை பத்து மணிக்கு இறங்குவோம், ஐந்து இரவு. கொப்பன்ஹேகன் தானாக எங்கும் போகாது, வேறொரு வருசம் பார்க்கலாம். பூட்டு வாங்கிவிட்டேன். உன் அத்தான் அதைத் திறந்து திறந்து பூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வரவேண்டாம் என்று எழுதினால் அந்தக் கடிதம் தபாலில் தொலைந்துவிடும், சொல்லிவிட்டேன்.

அக்கா


ஒஸ்லோ
22.06.2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. தினமும் எழுத இருந்தேன்.

நான் சுகம். வினோஜன் சுகம். பிரபாலினியும் சுகம் என்று வினோஜன் சொன்னான்.

விரிப்புக்குக் காசு கட்ட வேண்டாம். இரண்டு சோடி எடுத்து வைத்திருக்கிறேன். புதியவை. இங்கே தோய்க்கிறவன் நான்தான்.

கீழ்க்கட்டில் இரண்டு, யன்னல் பக்கம், உங்கள் இரண்டு பேருக்கும் மறித்தாயிற்று.

கமராவில் பழுதில்லை.

முடிந்தால் மிளகாய்த்தூள் கொண்டு வாருங்கள். இங்கே கிடைக்கிறதற்கு நிறம் மட்டும்தான்.

சிவராமன்


கப்பலில்
19.07.2025

அன்புத் தம்பிக்கு,

நான் நல்ல சுகம். இதைத் துறைமுகத்தில் உனக்குக் கை காட்டி ஒரு மணித்தியாலம் ஆகமுதல் எழுதுகிறேன். தேனுஜா மேல்தட்டில் படம் எடுக்கிறாள். மேசை ஆடுகிறது, எழுத்து வழமையை விடக் கேவலமாக இருந்தால் கடலைப் பேசு.

நீ காணாத ஒன்றைச் சொல்லத்தான் பேனை எடுத்தேன். அன்றைக்கு நீ என்னைக் காண முதல் நான் உன்னைக் கண்டுவிட்டேன்.

கப்பலால் இறங்கி அந்த ஏற்றம் முழுக்க நடந்து வந்தோம். ஏற்றம் என்று நீ எழுதினது மட்டும்தான் பொய்யில்லாத விசயம். வழி நெடுக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்குப் பயம் பிடித்துவிட்டது, நான் பேசாமல் நடந்து அவள் பார்த்ததே இல்லை. என் கண்ணுக்கு முன்னால் தபோதரன் அண்ணையின் கடைசி முகம்தான் நின்றது. கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து. கதவைத் திறந்தால் அந்த முகத்தில்தான் நீ நிற்பாய் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

விடுதிக்குள் வந்தால் குசினிக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். முன்னால் ஏப்ரன். மேசையில் எங்கேயோ ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் வெங்காயத்தோடு அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்திக்குக் கத்தி பிடிக்கக் காட்டிக் கொடுத்தாய். பிறகு பானைப் பக்கம் திரும்பினாய். அப்போதுதான் பக்கவாட்டில் பார்த்தேன். உன் வயிறு!

தம்பி, சீக்காளிக்கு அப்படி ஒரு வயிறு இருக்காது. ஏப்ரன் கட்ட நூல் காணாமல் பின்னால் ஊசி குத்தியிருந்தாய். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். "ஏனம்மா அழுறியள்?" என்று தேனுஜா கேட்டாள். அழேல்லை, ருக்சாக் இறுக்குது என்றேன். ஐந்து நிமிசம் அப்படியே நின்று உன் வயிற்றைப் பார்த்தேன். நான் ஒஸ்லோவில் பார்த்த முதல் வடிவான காட்சி அதுதான். நீ பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டின, ஆட்கள் ஏறி நடக்கிற அந்த ஒப்பெரா கூத்துமண்டபக் கூரையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிறகு நீ திரும்பினாய். ஆறு மாதக் கடிதத்துக்கும் பிறகு நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, கட்டில் மூண்டு மணிக்குத்தான் குடுக்கலாம்." இதை நான் ஹம்மில் எல்லாருக்கும் சொல்லுவேன். தடுக்க ஏலாது.

அந்தக் கூரையில் ஏறி இருந்துகொண்டு நீ சொன்னதையெல்லாம் இப்போது ஆறுதலாக யோசித்துப் பார்க்கிறேன். நீயும் பிரபாலினியும் சண்டை சச்சரவில்லாமல் கதைத்துப் பிரிந்தது. பிள்ளைக்காக வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு கிழமைக்கென்று கட்டில் எடுத்தது. முதுகுவலியால் மீன் களஞ்சிய வேலை போனது. விடுதிக்காரி உன் பருப்பைத் தின்றுவிட்டு விடியச் சாப்பாட்டு வேலையும் விரிப்பு வேலையும் தந்தது. வெளியே ஆட்கள் கதைப்பினம், அக்காவுக்குத் தலைகுனிவு என்று நீ நினைத்தது. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்காகவா தம்பி, உன் சிறுநீரகத்துக்கு என்னை நேர்த்திக்கடன் வைக்கவிட்டாய்? அன்றைக்குக் கூரையில் சொன்னதையே இதிலும் எழுதி வைக்கிறேன். உயிரோடை இருக்கிறவன் எங்கை படுத்தால் எனக்கென்ன. மேல்கட்டிலில படு, கீழ்க்கட்டிலில படு. கமராவைப் போட்டுட்டுப் படு.

இன்னொன்று. வியாழக்கிழமை நீ விரிப்பு மடித்துக்கொண்டிருக்க, பிரபாலினி வினோஜனோடு வந்து என்னைத் தேத்தண்ணிக்குக் கூட்டிப்போனாள். "மச்சாள் எண்டு இனிக் கூப்பிடலாமோ?" என்று கேட்டாள். வேறென்ன பேர் சொல்லிக் கூப்பிடப் போறாய், நேசமலர் எண்டோ, வாயில அடிப்பன் என்றேன். சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள். வினோஜன் உன்னை விட உயரம். அவனுக்குப் பரீட்சை நல்லபடி முடிந்ததாம். இதையெல்லாம் நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தேனுஜா கணக்குப் பார்த்து முடித்துவிட்டாள். கப்பல், கட்டில், ரிக்கற், உன் பூட்டு எல்லாம் சேர்த்து, கொப்பன்ஹேகனுக்குப் போயிருந்தால் நூற்றிருபது யூரோ மிச்சமாம். கட்டிலில் இல்லை, கப்பலில்தான் போனதாம். நீ சொன்னது கடைசியில் சரிதான். கொப்பன்ஹேகன்தான் மலிவு. ஆனால் அங்கே உன் வயிறு இல்லை.

மிளகாய்த்தூளை அந்த இலவசத் தட்டில் வைத்துவிடாதே, பிள்ளைகள் செத்துப்போவார்கள்.

மனம் இலேசான
அக்கா


ஒஸ்லோ
12.10.2025

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம், வயிறும் சுகம். வினோஜன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறான். பிரபாலினிக்குப் பல் இரண்டு பிடுங்கியாயிற்று, உங்களுக்குச் சொல்லச் சொன்னாள். ஒரே வசனம் என்று இனி ஒருவரும் குறை சொல்ல ஏலாது. அத்தானுக்கும் தேனுஜாவுக்கும் என் அன்பு. பிள்ளை வேலையில் கால் நோகுது என்று சொல்கிறாள் போல, நல்ல சப்பாத்து வாங்கச் சொல்லுங்கள்.

வீடியோவில் தினமும் கதைக்கிறோம், பிறகேன் கடிதம் என்று கேட்பீர்கள். இது வாயால் சொல்லுகிற விசயம் இல்லை.

அடுத்த கோடைக்குக் கொப்பன்ஹேகன் என்று தேனுஜா தொடங்கிவிட்டாள் என்று அறிந்தேன். ஆகவே விபரம் திரும்பவும் எழுதுகிறேன். இந்தமுறை யூரோவிலேயே பார்த்து எழுதியிருக்கிறேன், திருத்தத் தேவையில்லை.

கொப்பன்ஹேகனில் ஒரு கட்டில் ஒரு இரவுக்கு முப்பத்தொன்பது. விரிப்பு வேறு. கோப்பி ஐந்தரை.

ஒஸ்லோவில் விடுதியிலிருந்து ட்ராமில் நாலாவது தரிப்பு, மூன்றாம் மாடி, ஒரு அறை, ஒரு குசினி. முதலாம் திகதியிலிருந்து என் பெயரில். கட்டில் ஒன்றுதான், அது உங்களுக்கு, யன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். தேனுஜாவுக்குச் சோபா. நான் குசினியில் படுப்பேன். ஒரு இரவுக்குச் சுழியம். விரிப்புச் சுழியம். கோப்பி இல்லை, தேத்தண்ணிதான். இடியப்பத்துக்கு உரல் வாங்கிவிட்டேன். அத்தானும் வருவதென்றால் ஒரு சங்கடம், இந்த வீட்டில் குளியல் தொட்டி இல்லை.

படி கொஞ்சம் இருக்கிறது. முழங்காலுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்தமுறை பூட்டுக் கொண்டு வர வேண்டாம். வீட்டுத் திறப்பு ஒன்று இந்த உறைக்குள் இருக்கிறது.

உங்கள் தம்பி
சிவராமன்